எங்கள் புளோக்கில் ஆறு வருடத்தில் புற்றுநோயில் ஐந்து பேர்: நாட்டுக் கணக்கைவிட இது அதிகமா?

ஏழாம்மாடி எழுதியது:

சிங்கப்பூர் அங் மோ கியோவில் 1979ல் அப்பா சாவி வாங்கிய வீட்டில்தான் இன்னமும் இருக்கிறேன். பன்னிரண்டு மாடி நீள புளோக். கீழ்த்தளம் போக மாடிக்குப் பன்னிரண்டு வீடு, மொத்தம் 132. கீழே கூடாரம் போட்டால் யார் வீட்டுக் காரியம் என்று மின்தூக்கி ஏழாம் மாடி வருவதற்குள் தெரிந்துவிடும்.

2019லிருந்து புற்றுநோயில் போனவர்களை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாலாம் மாடி சீனப் பாட்டி, பெருங்குடல். அடுத்த வருடம் என் அப்பா, 78 வயது, நுரையீரல். பதினோராம் மாடி மலாய்க்காரர், கல்லீரல். ஆறாம் மாடி அக்கா, மார்பகம், 58 வயதுதான். கடைசியாக 2024ல் என் வரிசையிலேயே குடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், புரோஸ்டேட், 83. ஆக மொத்தம் ஐந்து பேர்.

கார் நிறுத்துமிடத்து மூலையில் மின்சாரத் துணைநிலையம் ஒன்று இருக்கிறது. கோப்பிக்கடையில் பேச்சு வந்தாலே எல்லார் கையும் அந்தப் பக்கம்தான் நீளும். எனக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல், மறைப்பானேன்.

கேள்விக்கு வருகிறேன். மகள் நியூஜெர்சியில், மிடில்செக்ஸ் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) இருக்கிறாள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் நடத்தும் ஸ்டேட் கேன்சர் புரொஃபைல்ஸ் என்ற தளத்தைக் காட்டினாள். ஒவ்வொரு கவுண்டியின் புற்றுநோய் இறப்பு வீதமும் நாட்டு வீதத்துக்கு மேலா, கீழா, கிட்டத்தட்ட அதேதானா, போக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அவள் கவுண்டிக்கு நேரே இறங்குமுகம். இதே மாதிரி அங் மோ கியோவுக்குத் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. நம் நாட்டு அறிக்கையில் கிடைத்த எண் அமெரிக்க எண்ணைவிட ரொம்பக் குறைவாக இருந்தது. நாடே இவ்வளவு குறைவு என்றால் எங்கள் புளோக் மட்டும் ஏன் இப்படி? கப்பல் கம்பெனியில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். ஆனாலும் இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

பொங்கோல்வாசி எழுதியது:

எங்கள் புளோக்கில் எட்டு வருடத்தில் சாவுக் கூடாரம் ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன். மலாய்க் கல்யாணக் கூடாரம்தான் மாசத்துக்கு ஒன்று! கடற்காற்று காரணமோ என்னமோ. அக்கா, பேசாமல் வீட்டை விற்றுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். துணைநிலையம் பற்றி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுவும் கொடுத்து வையுங்கள், தப்பில்லை.

பழைய ரிக்கார்டு எழுதியது:

பொங்கோல் தம்பி விளையாட்டாகச் சொன்னதிலேயே விடை பாதி வந்துவிட்டது. பொங்கோல் புது நகர், குடியிருப்பவர்கள் இளம் தம்பதிகள், தள்ளுவண்டிப் பிள்ளைகள். அங் மோ கியோவில் 1970களின் கடைசியில் சாவி வாங்கியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கடற்காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முப்பத்திரண்டு வருடம் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். டாக்டர் கிறுக்கியதைப் படித்து நோய்க்குரிய குறியீட்டு எண் போடுவதுதான் தொழில். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

உங்கள் புளோக்கில் 350 பேர் என்று வைப்போம். சிங்கப்பூர்வாசிகளில் வருடத்துக்கு ஆயிரம் பேருக்குச் சுமாராக ஆறு பேர் இறக்கிறார்கள். 350 பேருக்கு வருடம் இரண்டு சாவு. ஆறு வருடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. நாட்டில் நாலில் ஒரு சாவுக்கு மேல் புற்றுநோயால்தான். ஆக, சாதாரண வயதுக் கலவை உள்ள புளோக்காக இருந்தாலே மூன்று பேர். 2020 குடிமதிப்பில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். உங்கள் புளோக்கில் நூற்றுக்கு முப்பது இருக்காதா? புற்றுநோய்ச் சாவு பெரும்பாலும் முதியவர்களிடம்தான், அப்படியானால் மூன்று என்பது ஐந்து, ஆறாகிவிடும். உங்கள் டைரியில் ஐந்துதான்.

இன்னொன்று, இது கொஞ்சம் உறைக்கும். அதே ஆறு வருடத்தில் மாரடைப்பில் போனவர்கள், பக்கவாதத்தில் போனவர்கள், நிமோனியாவில் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை டைரியில் எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள். அப்பா போன நோய் என்பதால் அந்த ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது. கோலம் போடுகிறவள் புள்ளியை முதலில் வைப்பாள், அப்புறம் கோடு இழுப்பாள். இங்கே புள்ளிகள் தானாக விழுந்து கிடக்கின்றன. எந்த ஐந்தைச் சேர்த்து வளைப்பது என்பதை நாம் பிற்பாடு முடிவு செய்கிறோம். துணைநிலையத்தை நடுவில் வைத்து வளைத்தால் துணைநிலையக் கோலம்.

நான் பயப்படுகிற பட்டியல் எப்படி இருக்கும் தெரியுமா? ஐந்து பேருக்கும் ஒரே உறுப்பு, அதுவும் அபூர்வமான வகை, அல்லது வரக்கூடாத வயதில். உங்கள் பட்டியலில் பெருங்குடல், நுரையீரல், கல்லீரல், மார்பகம், புரோஸ்டேட். நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவகத்தின் அறிக்கையைத் திறந்தால் மேல் வரிசைகளில் இருப்பவையும் இவைதான். ஒரே காரணம் ஐந்து வெவ்வேறு உறுப்பைத் தேடிப்போய்ப் பிடிப்பது வழக்கமில்லை.

அமெரிக்க எண்ணைச் சிங்கப்பூர் எண்ணோடு நேராக வைத்துப் பார்த்தீர்கள் அல்லவா, அங்கேதான் சறுக்கல். இரண்டுமே வயதுக்கேற்பச் சரிக்கட்டிய வீதம். கிழவர் அதிகமுள்ள ஊரையும் பிள்ளைகள் அதிகமுள்ள ஊரையும் ஒரே படியில் அளக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. ஆனால் அவர்கள் படி வேறு, நம் படி வேறு. அவர்கள் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகையை அளவாக வைக்கிறார்கள், அதில் முதியவர்கள் நிறைய. நாம் 1960ல் ஜப்பானிய ஆய்வாளர் செகி வகுத்த உலக மக்கள்தொகையை வைக்கிறோம், அதில் பிள்ளைகள் நிறைய. அதே ஊரின் அதே சாவுகளை நம் படியில் அளந்தாலே எண் சின்னதாகத்தான் வரும். பட்டணம் படியில் அளந்த அரிசியையும் மரக்காலில் அளந்ததையும் ஒப்பிட்டு விலை பேசுவீர்களா? கவுண்டியை அமெரிக்காவோடு ஒப்பிடுங்கள், அது சரி. மிடில்செக்ஸையும் சிங்கப்பூரையும் அந்த எண்களை வைத்து ஒப்பிடாதீர்கள்.

அங் மோ கியோவுக்கு அட்டவணை இல்லையே என்கிறீர்கள். நம் அறிக்கை உறுப்பு, ஆண் பெண், வயது, இனம் என்று பிரித்துக் காட்டுகிறது. அதுவும் ஒற்றை வருடமாக இல்லை, ஐந்து வருடத்தைச் சேர்த்து. காரணம் சின்ன எண்ணின் ஆட்டம். உங்கள் புளோக்கில் ஒரு வருடம் பூஜ்யம், மறு வருடம் இரண்டு. இதைப் போக்கு என்று சொன்னால் பூஜ்யத்திலிருந்து இரண்டுக்குத் தாவியது என்று தலைப்புப் போடலாம்! உங்கள் மகள் காட்டிய தளத்திலேயே மக்கள்தொகை குறைவான கவுண்டிகளுக்கு நேரே எண்ணே இருக்காது, நட்சத்திரக் குறிதான். பதிவு 16க்குக் கீழே போனால் மறைத்துவிடுவார்கள். ஆளை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதும் உண்டு, அந்த வீதத்தை நம்பவும் முடியாது என்பதும் உண்டு. ஒரு கவுண்டிக்கே அந்தக் கதி என்றால் 132 வீட்டுக்கு?

நம் பதிவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968லிருந்து நாடு முழுக்கப் பதிவு நடக்கிறது. தொடங்கியவர் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம், இன்றைய அதிபர் தர்மனின் தந்தை. மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் உலகம் மதித்த நோய்க்குறியியலாளர். அவர் காலத்தில் வயிறும் மூக்குத்தொண்டையும் பெரிய தலைவலி. இன்றைக்கு அவை இரண்டும் வெகுவாக இறங்கிவிட்டன, பெருங்குடலும் மார்பகமும் புரோஸ்டேட்டும் ஏறிவிட்டன. கல்லீரலும் இறங்கியது. கல்லீரல் புற்றுக்குச் சிகரெட்டைவிட ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமிதான் பெரிய காரணம், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 1980களிலிருந்தே பிறந்த குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்துவிட்டோம்.

பத்திரிகையில் ‘புற்றுநோய் மரணங்கள் அதிகரிப்பு’ என்று வரும்போது அதுவும் பொய்யில்லை. தலை எண்ணிக்கை ஏறுகிறது, ஏனென்றால் நாடே கிழடாகிறது. வயதைச் சரிக்கட்டிப் பார்த்தால் இறப்பு வீதம் இறங்குகிறது. இரண்டும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும், முதல் பக்கத்தோடு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஊர்க்குருவி எழுதியது:

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் தங்கும் விடுதியில் ஒருவருக்குப் போன வருடம் வாய்ப்புற்று. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் எந்தக் கணக்கில் வருவார்? அப்புறம் இந்தியர்களுக்கு அதிகமா, குறைவா?

பழைய ரிக்கார்டு எழுதியது:

தம்பி, நான் சொன்ன வீதமெல்லாம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் வைத்துப் போட்டவை. உங்கள் விடுதி நண்பர் அதில் வரமாட்டார். ஊரில் இறந்தால் அந்த ஊர்க் கணக்கு, அங்கே யாராவது ஒழுங்காக எழுதினால். தமிழ்நாட்டில் சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களிலிருந்து நடத்துகிறது, நல்ல பதிவேடு. ஆனால் வீட்டில் நடந்த சாவுக்கு டாக்டர் சான்றிதழ் இல்லாமல் ‘வயோதிகம்’ என்று எழுதிவிட்டால் எந்தப் பதிவேடும் என்ன செய்யும்?

இங்கே இறந்தால் டாக்டர் காரணம் எழுதித்தான் ஆகவேண்டும். அந்தத் தாளில் வரிசையாக வரிகள் இருக்கும். மேல் வரியில் நிமோனியா, அதற்குக் காரணம் என்று கீழ் வரியில் நுரையீரல் புற்றுநோய் என்றால், புள்ளிவிவரத்தில் ஏறுவது அடிவரிதான். புதிதாக வந்த பிள்ளைகள் மேல் வரிக்கு எண் போட்டுவிட்டு என்னிடம் எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

இந்தியர் பற்றி: சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூன்றில் நம் புற்றுநோய் வீதம் நெடுநாளாகக் கீழேதான். சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம், மாரடைப்பும் இனிப்பு நீர் என்கிற நீரிழிவும் சீனர்களைவிட நம் ஆட்களிடம் அதிகம். இன்னொரு விஷயம், சிங்கப்பூர்வாசிகளில் நாம் ஒன்பது விழுக்காடு. ஒரு உறுப்பை எடுத்துப் பெண்களை மட்டும் பார்த்தால் எண் மிகவும் சுருங்கிவிடும். ஐந்து வருட அறிக்கை ஒன்றில் ஏறி, அடுத்ததில் இறங்கியிருந்தால் உடனே காரணம் தேட வேண்டாம். நம் பெண்களின் புற்றுநோய்ச் சாவில் முதலிடம் மார்பகத்துக்கு, அது மட்டும் அறிக்கைக்கு அறிக்கை மாறுவதில்லை.

பொங்கோல்வாசி எழுதியது:

சரி அண்ணே, கடற்காற்றை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முப்பது வருடம் கழித்து இதே கேள்வியை நான் கேட்பேன் போலிருக்கிறது.

ஏழாம்மாடி எழுதியது:

அண்ணே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்பாவை ஒரு புள்ளி என்று சொல்லிவிட்டீர்களே என்று. மூன்றாம் நாள் டைரியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். எங்கள் புளோக்கில் 1980லிருந்து பத்திரிகை போடும் சீனத் தாத்தா ஒருவர், யார் வீட்டுப் பத்திரிகை எப்போது நின்றது என்பது முதல் எல்லாம் தெரிந்தவர். அவரும் நானுமாகக் கல்மேசையில் உட்கார்ந்து மாடி மாடியாக எண்ணினோம். என் மலாய், அவருடைய மலாய், இரண்டும் சேர்ந்து ஒப்பேற்றின.

ஆறு வருடத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். எனக்குத் தெரிந்தது பதினொன்றுதான். பக்கவாதத்தில் போன தம்பதி, ஒரே மாதத்தில் இருவரும், எட்டாம் மாடி. என் தலைக்கு நேர் மேலே! எனக்கு நினைவே இல்லை.

பட்டியலிலும் திருத்தம். பதினோராம் மாடி மலாய்க்காரரின் மகன் மின்தூக்கியில் சொன்னார், அவருக்குக் கல்லீரல் சுருங்கியதுதான், புற்று இல்லை. பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டேன். ஆனால் இரண்டாம் மாடியில் ஒரு அம்மா, கர்ப்பப்பைப் புற்று. கடைசி வரை ‘வயிற்றுவலி’ என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். நம் ஆட்கள்தான். எண்ணிக்கை மறுபடி ஐந்து. பத்தொன்பதில் ஐந்து, நீங்கள் சொன்ன நாலில் ஒன்றுக்கு ஒரு மயிரிழை மேலே.

துணைநிலையத்தைத் தாண்டித்தான் தினமும் பேருந்துக்குப் போகிறேன், இன்னும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான். அது போகாது.

எனக்கு ஐம்பத்து மூன்று, வீட்டுக்காரருக்கு ஐம்பத்தேழு. பெருங்குடல் புற்றுக்கான மலப் பரிசோதனைப் பெட்டி ஆளுக்கு ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு குழாய், இரண்டு நாள். நான் முடித்துத் தபாலில் போட்டுவிட்டேன். அவருடையது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, சீனப் புத்தாண்டுக்கு வந்த ஆரஞ்சுப் பெட்டிக்குப் பக்கத்தில், உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. கேட்டால், “இந்தியருக்குத்தான் குறைவு என்று உன் அண்ணனே எழுதியிருக்கிறாரே” என்கிறார்.