“கல்யாணம் எப்போது?” என்று இன்டர்வியூவில் கேட்டால்

*குழு: நம்ம வீடு, பொள்ளாச்சி*

காவ்யா: இன்டர்வியூ முடிந்தது. உக்கடத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா: எப்படிப் போனது கண்ணு? மதியம் சாப்பிட்டாயா?

காவ்யா: சாப்பிட்டேன் அம்மா. டெக்னிக்கல் ரவுண்டு நன்றாகவே போனது. எச்ஆர் ரவுண்டில்தான் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “27 வயசு ஆகிறதே, கல்யாணம் எப்போது? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா? ஆனபிறகு வேலையை விட்டுவிடுவீர்களா?” என்று வரிசையாகக் கேட்டார். “இப்போதைக்கு இல்லை சார்” என்றேன். குரல் நடுங்கிவிட்டது.

பெரியப்பா: எல்லா இடத்திலும் கேட்பதுதானே சாமி. விடமாட்டேன் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம்.

அத்தை: அண்ணா, எல்லோரும் கேட்பதால் அது சரியாகிவிடுமா? காவ்யா, கூட வந்த பையன்களிடமும் இதைக் கேட்டார்களா?

காவ்யா: எனக்கு முன்னால் போனவனிடம் விசாரித்தேன் அத்தை. நைட் ஷிப்ட் பார்ப்பாயா என்று மட்டும் கேட்டார்களாம்.

அத்தை: அதுதான் விஷயம். நான் சென்னையில் படித்த விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜில் எனக்கு வெகுகாலம் முன்பு படித்தவர் குடகு நாட்டு முத்தம்மா. 1949ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் எழுதியே வாங்கினார்கள். பிறகு பதவி உயர்வு கிடைக்காதபோது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே உயர்வைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் நீதிபதி கிருஷ்ணய்யர் 1979 தீர்ப்பில் விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அந்த நிலை வரலாமே என்று எழுதினார். அவ்வளவு பெரிய இடத்தில் தீர்ந்த பேச்சை இன்றைக்கு நம் பெண்ணிடம் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். எனக்குக் கோபமாக வருகிறது.

ஓசூர் மாமா: இப்போதுதான் பார்த்தேன். இருபது வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 2017ல் சட்டத்தைத் திருத்தியபின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் வராதவர்களுக்கு அந்தச் சம்பளம் கம்பெனி கையிலிருந்து போகிறது. மனசில் இருப்பது அந்தக் கணக்கு, வாயில் வருவது மாப்பிள்ளை விசாரணை. எங்கள் ஃபேக்டரியில் இப்போது ஆணோ பெண்ணோ எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்தான்.

காவ்யா: சரி மாமா, கேட்டுவிட்டால் என்ன சொல்வது? முறைத்தால் வேலை போய்விடும்.

ஓசூர் மாமா: முறைக்கவும் வேண்டாம், வீட்டுக் கதை சொல்லவும் வேண்டாம். நீ எத்தனை நாள் நிலைப்பாய் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டும். “முந்தைய கம்பெனியில் மூன்று வருடம் தொடர்ந்து இருந்தேன். இங்கேயும் அப்படி இருக்கத்தான் வந்திருக்கிறேன். வேலை நேரம், வெளியூர்ப் பயணம் பற்றிக் கேளுங்கள் சார், சொல்கிறேன்.” இதோடு நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார். பேசாமல் இருக்கும் அந்த இரண்டு விநாடி கஷ்டமாகத்தான் இருக்கும். அதை நிரப்பப் போய்த்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரபு அண்ணன்: என்னிடம் நான் வேலையில் இல்லாத அந்த எட்டு மாத இடைவெளியைப் பற்றிக் கேட்பார்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தேன், இப்போது அவர் நன்றாக இருக்கிறார் என்று இரண்டே வரி சொல்வேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

அம்மா: இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. 1998ல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலை கேட்டுப் போனேன். பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். பிடித்திருந்தது. கடைசியில் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்றார்கள். காவ்யா வயிற்றில் மூன்று மாதம். பொய் சொல்ல வாய் வரவில்லை. பிரசவம் முடிந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நான் போகவே இல்லை.

பெரியப்பா: இது எங்கள் யாருக்கும் தெரியாதேம்மா. கேட்பதுதானே என்று நான் சொன்னது தப்பு.

காவ்யா: அம்மா…

காவ்யா: வியாழக்கிழமை இன்னொரு கம்பெனி இருக்கிறது. மாமா, ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடட்டுமா? நீங்களே எச்ஆராக இருந்து கேளுங்கள்.

ஓசூர் மாமா: கூப்பிடு. முதல் கேள்வியே அதுதான்.

அம்மா: நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். பஸ் எங்கே வருகிறது?

காவ்யா: கிணத்துக்கடவு தாண்டிவிட்டது.