வாடகை வீடு தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய ரயில் பாதை

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "எம்.ஆர்.டி. பக்கத்திலேயே இருக்கிறது" என்று வீட்டு முகவர் சொன்னதும் நிம்மதியடைந்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எம்.ஆர்.டி. (பெருவிரைவு ரயில்) நிலையம் எந்தப் பாதையில் இருக்கிறது, அங்கிருந்து அலுவலகம் போய்ச் சேர எத்தனை முறை ரயில் மாற வேண்டும் என்பதை அதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

நம்மவர்கள் பலர் வேலை செய்யும் சாங்கி பிசினஸ் பார்க்கையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே போக எக்ஸ்போ நிலையத்தில் இறங்க வேண்டும். செங்காங்கில் குடியிருப்பவர் ரயிலை மட்டும் நம்பினால், ஊதா நிற வடகிழக்குப் பாதையில் சிராங்கூன் வரை வந்து, வட்டப் பாதையில் மெக்பர்சன் சென்று, அங்கே நீல நிற டௌன்டவுன் பாதைக்கு மாற வேண்டியிருக்கும், வீடு எல்.ஆர்.டி. எனும் இலகு ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தால் அதுவும் ஒரு மாற்றம். டௌன்டவுன் பாதையிலேயே உள்ள பிடோக் ரெசர்வோரில் குடியிருப்பவருக்கோ ஒரே ரயில் போதும். வார இறுதியில் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகவும் அதே பாதைதான், எதிர்த்திசையில்.

மாற்றங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. ராஃபிள்ஸ் பிளேஸில் நடைமேடையைக் குறுக்கே கடந்தால் அடுத்த ரயில் நிற்கும். டோபி காட்டிலோ நிறைய நடக்க வேண்டும். தெம்பனிஸில் பச்சை நிறக் கிழக்கு மேற்குப் பாதையிலிருந்து நீலப் பாதைக்கு மாறுபவர், கட்டண வாயிலைக் கடந்து வெளியே வந்து மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். நேரம் கடத்தாமல், வெளியே வரத் தட்டிய அதே கட்டண அட்டையைத் தட்டினால் அது ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். வங்கி அட்டையும், அதே அட்டையைப் பதிந்துவைத்த கைப்பேசியும் கணினிக்கு வெவ்வேறு அட்டைகள் என்பதால், ஒன்றைத் தட்டி நுழைந்து மற்றொன்றைத் தட்டி வெளியேறினால் கூடுதல் கட்டணம் பிடித்துக்கொள்ளப்படும்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. வார நாட்களில் காலை 7.45 மணிக்கு முன் ரயிலேறுபவர்களுக்கு 50 காசு வரை குறையும். அதற்காக வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு எடுத்தாக வேண்டும் என்பதால், கையெழுத்திடும் முன், வேலை நாள் ஒன்றில் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஒருமுறை சென்று பாருங்கள். வீட்டைக் காட்ட முகவர் குறிக்கும் நேரம் பெரும்பாலும் கூட்டமில்லாத பிற்பகலாகத்தான் இருக்கும்.