நேருக்கு நேர் லாரி மோதல்: முதலில் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கயல்: எதிரே வந்த லாரி நடுக்கோட்டைத் தாண்டி என் தம்பியின் காரில் மோதி ஐந்து வாரம் ஆகிறது. தொடை எலும்பு, இடுப்பு, விலா எல்லாம் முறிவு. இன்னொரு ஆபரேஷன் பாக்கி. நேற்று லாரி தரப்பு இன்சூரன்ஸ் ஆள் வந்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் இந்த வாரமே பணமாம். வீட்டில் எல்லோரும் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பாண்டியன்: போட்டுவிடுங்கள் தங்கச்சி. பட்டவன் சொல்கிறேன். என் கால் போன வழக்கு நாலு வருஷம் நடந்தது. தீர்ப்பில் வந்த தொகை பெரிதுதான், ஆனால் அதில் பாதியைக் கடனும் வட்டியும் தின்றுவிட்டன. கைக்கு வருவதை விடாதீர்கள்.

வக்கீல் மீரா: பாண்டியன் அண்ணன் பட்ட பாடு உண்மை. ஆனாலும் கயல், ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது போடவே கூடாது. நாளைக்கு இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில்தான். தம்பி பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா என்பதே தெரியாமல் எதை வைத்துக் கணக்குப் போடுவது? தூங்கி வழிந்த டிரைவரை அனுப்பிய நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும்.

செல்வம்: நான் 18 வருஷமாக லாரி ஓட்டுகிறேன். எடுத்த எடுப்பில் "தூங்கி வழிந்தான்" என்று எழுதாதீர்கள் மேடம். நடுக்கோட்டுப் பக்கத்து முன் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும். எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் சில நேரம் நிற்காது. கார்க்காரர்களும் ஓவர்டேக் எடுத்து எங்கள் முன்னால் வந்து நிற்பதுண்டு.

கயல்: என் தம்பி ஓவர்டேக் எடுக்கவில்லை. டிரைவர் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கி வந்தார், இவன் மூன்று நாள் கண் திறக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ரவி: கயல், வலி புரிகிறது. ஆனால் காயத்தின் அளவு யார் தவறு என்பதைச் சொல்லாது, எடையைத்தான் சொல்லும். 40 டன் லாரியும் ஒன்றரை டன் காரும் தலா 80 கி.மீ. வேகத்தில் மோதி ஒட்டிக்கொண்டு நகர்ந்தால், லாரியின் வேகம் 6 கி.மீ. கூடக் குறையாது. காரோ அந்த நொடியில் சுமார் 154 கி.மீ. வேக மாற்றத்தைத் தாங்க வேண்டும். தவறு கார் பக்கம் இருந்தாலும் அடி இப்படித்தான் விழுந்திருக்கும்.

வக்கீல் மீரா: செல்வம், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். டயர் என்றால் அதைப் பராமரித்தவரும் தயாரித்தவரும் பொறுப்பில் வருவார்கள். லோடு சரிந்திருந்தால் ஏற்றியவர். எது என்பதைப் பதிவுகள்தான் சொல்லும், அவை நமக்காகக் காத்திருக்காது. அமெரிக்காவில் டிரைவரின் வேலைநேரப் பதிவை நிறுவனம் 6 மாதம் வைத்திருந்தால் போதும். கேமரா பதிவு சில நாளிலேயே அழிந்து புதிது ஏறிவிடும். "எதையும் அழிக்காதீர்கள், வண்டியைப் பழுதுபார்க்காதீர்கள்" என்று வக்கீல் மூலம் இன்றே கடிதம் போக வேண்டும்.

செல்வம்: இதை ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம், ஓட்டிய நேரத்தையும் வேகத்தையும் பதிவுசெய்யும் டேகோகிராஃப் கருவி காட்டிக்கொடுத்துவிடும். லோடு இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நெருக்குகிறவனை விட்டுவிட்டு டிரைவர் ஒருத்தனை மட்டும் பிடிக்காதீர்கள். டிரிப் நேரத்தை நிர்ணயித்த மெசேஜ்களையும் கேளுங்கள்.

பாண்டியன்: எல்லாம் சரி. அதுவரை ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது? வக்கீல் கடிதம் கட்டுமா? தம்பி மீதும் 20 சதவீதம் தவறு என்று சொல்லித் தொகையைக் குறைத்தால்?

வக்கீல் மீரா: குறைக்கலாம். தன் மீது பாதிக்கு மேல் தவறு என்றாலே ஒன்றும் கிடைக்காத சட்டங்களும் உண்டு. அதனால்தான் பதிவுகள் முக்கியம். பில்லுக்கு, பொறுப்பை அவர்கள் ஒப்புக்கொள்ளும் நிலை இருந்தால் பல இடங்களில் இடைக்காலத் தொகை கேட்கலாம். ஆனால் "பொறுத்துப் பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் வழக்குத் தொடரப் பொதுவாக 3 வருடம். இந்தியாவில் 2019 திருத்தம் 6 மாதம் என்கிறது. அரசுச் சாலையின் குறையும் காரணம் என்றால் சில இடங்களில் கெடு இன்னும் குறுகும்.

கயல்: காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடிதம் நாளைக்குப் போகிறது. டயரைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லியும் அதில் எழுதச் சொன்னேன், செல்வம் அண்ணா.

பாண்டியன்: நான் இன்னும் போடச் சொல்லித்தான் சொல்வேன். சரி, போடவில்லை என்றான பிறகு ஒன்று. இடைக்காலத் தொகை தந்தால் ரசீதை வரி விடாமல் படியுங்கள். என்னிடம் ரசீது என்று சொல்லி நீட்டியதிலும் "முழுத் தீர்வு" என்று ஒரு வரி இருந்தது.