குடிநீர், மின்சார போர்ட்டலுக்குப் பயன்பாட்டு விதிகள்: எந்த வரி நிற்கும், எந்த வரி நிற்காது?

வரைவுமேசை கேட்டது:

வணக்கம். குடிநீரும் மின்சாரமும் வழங்குகிற ஒரு பொது நிறுவனத்தின் ஆன்லைன் சேவைகளுக்கு நிபந்தனைகளையும் பயன்பாட்டு விதிகளையும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. பில் பார்ப்பது, கட்டுவது, மீட்டர் ரீடிங்கை நுகர்வோரே பதிவது, மின்தடைப் புகார், புது இணைப்பு விண்ணப்பம், ஸ்மார்ட் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அரை மணிக்கொரு தடவை பதிவாகும் பயன்பாட்டு விவரம், எல்லாம் ஒரே லாகினில் வருகின்றன. இப்போதுள்ள விதிகள் ஏதோ ஷாப்பிங் தளத்தைப் பார்த்து எழுதியவை. உறுத்துகிற வரிகள் ஐந்து:

1. எவ்விதத் தானியங்கிக் கருவியையும் பயன்படுத்தக் கூடாது.
2. தவறான தகவல் தந்தால் கணக்கும் சேவையும் முடக்கப்படும்.
3. பணம் எங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த நாளே கட்டிய நாள்.
4. தளத்தைப் பயன்படுத்தினாலே நிபந்தனைகளை ஏற்றதாகப் பொருள்.
5. தளத்தின் பாதுகாப்பைச் சோதிப்பது குற்றம்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் வரி வரியாகச் சொன்னால் உதவியாக இருக்கும். எந்த வாசகத்தைப் போடுவது, சிஸ்டத்தில் என்ன இருந்தால் அந்த வாசகம் நிற்கும், இதுதான் வேண்டும்.

சட்டவரி எழுதியது:

இரண்டாவது வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, அதை முதலில் எடுங்கள். ஷாப்பிங் தளம் கணக்கை முடக்கினால் ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார். தண்ணீருக்கு அப்படி வேறு இடம் கிடையாது. உங்கள் வரைவில் "சேவை" என்பது இணையதளமா, குழாயில் வரும் தண்ணீரா என்று தெரியவில்லை. வரையறைப் பகுதியிலேயே "ஆன்லைன் சேவை", "விநியோகம்" என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பிறகு இப்படி எழுதலாம்: "ஆன்லைன் கணக்கை நிறுத்திவைப்பதால் விநியோகம் பாதிக்கப்படாது. விநியோகத்தைத் துண்டிப்பது இணைப்பு ஒப்பந்தத்தின்படி மட்டுமே."

இந்த வரியை எழுதினால் மட்டும் போதாது. மின்னஞ்சலில் மட்டுமே பில் வாங்குகிறவரின் கணக்கை நிறுத்தினால் பில் போகாது, கெடு தாண்டும், நிலுவை ஏறும், கடைசியில் துண்டிப்பு ஆணை வரும். விதிப்படி விநியோகத்தை யாரும் தொடவில்லை. ஆனால் நடந்தது அதுதான். ஆகவே கணக்கை நிறுத்திவைத்த உடனே பில் தானாகத் தபாலுக்கு மாற வேண்டும். லாகின் இல்லாமல் தொகையைப் பார்க்கவும் கட்டவும் வழி இருக்க வேண்டும். அவசரப் புகாருக்கு எந்தத் தடையும் கூடாது. நிறுத்திவைக்கும் அறிவிப்பில் காரணம், யாரிடம் முறையிடுவது, எந்தத் தேதிக்குள் பதில் வரும், மூன்றும் இருக்கட்டும்.

நான்காவது வரி பலவீனமானது. பக்கத்தின் அடியில் ஒரு லிங்க் போட்டுவிட்டு "நீ ஒப்புக்கொண்டாய்" என்று வாதாடினால் எடுபடாது. அமெரிக்காவில் 2002-இல் ஸ்பெக்ட் – நெட்ஸ்கேப் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: டவுன்லோட் பட்டனுக்குக் கீழே உருட்டிப் போனால்தான் தெரியும் நிபந்தனையை, பட்டனை அழுத்தியவர் ஏற்றதாகக் கொள்ள முடியாது. பதிவு செய்யும்போது டிக் பெட்டி வையுங்கள். அது முன்கூட்டியே டிக் ஆகியிருக்கக் கூடாது. எந்தப் பதிப்பை, எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு ஏற்றது என்று டேட்டாபேஸில் ஒரு வரி சேரட்டும். பழைய பதிப்புகளைத் தளத்திலேயே தேதியோடு வைத்திருங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு தகராறு வந்தால் அன்றைய பதிப்பு எது என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

லாகின் இல்லாமல் அம்மாவின் பில்லைக் கட்டும் மகள் எந்த நிபந்தனையையும் ஏற்றவர் அல்லர். அவருக்குப் பொருந்தும் இரண்டு மூன்று வரிகளைக் கட்டும் பட்டனுக்கு மேலேயே போடுங்கள்.

"எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற பத்தி இருந்தால் அதையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 93/13 நெறிமுறை 1993-லிருந்தே, நுகர்வோருக்குப் பெரிதும் பாதகமான நியாயமற்ற நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. வாசகத்தில் ஐயம் இருந்தால் நுகர்வோருக்குச் சாதகமான பொருளே செல்லும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும், தெளிவில்லாத வரி எழுதியவருக்கு எதிராகவே திரும்பும் என்று எண்ணி எழுதுவது நல்லது.

கணக்குத்தாள் எழுதியது:

மூன்றாவது வரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்க. பணம் போற வழியைப் பாருங்க: நுகர்வோரின் வங்கியில் பணம் கழியும், நடுவுல நின்னு பணத்தை வாங்கி அனுப்புற கட்டணச் சேவையான கேட்வே "வெற்றி"ன்னு பதியும், அந்தத் தகவல் உங்க சர்வருக்கு வரும், பணம் உங்க வங்கிக்கு அடுத்த வேலை நாளோ அதுக்கு மறுநாளோ மொத்தமா வரும். கெடு வெள்ளிக்கிழமை, அவர் வெள்ளி மதியமே கட்டிட்டார், பணம் திங்கள்கிழமை சேருது. அவர் கண்ணுக்கே தெரியாத தாமதத்துக்கு அவர்கிட்ட அபராதம் வாங்குறது நியாயமே இல்லை. "கட்டணம் வெற்றி எனக் கேட்வேயில் பதிவான தேதியே கட்டிய தேதி"ன்னு எழுதுங்க. நள்ளிரவுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சு, தேதி மாறின பிறகு முடிஞ்சா எந்த நாள்னும் சொல்லிடுங்க. ஆரம்பிச்ச நேரத்தை எடுத்துக்கிறதுதான் என் கருத்து. ஓடிபி தாமதம் அவர் கையில இல்லை.

அதிகமாப் புகார் வர்ற இடம் "பணம் போயிடுச்சு, ரசீது வரலை"ங்கிறதுதான். கேட்வே வெற்றின்னு பதிஞ்சு, உங்க சர்வருக்கு அனுப்பின தகவல் நடுவுல தொலைஞ்சிருக்கும். அவர் பயந்துபோய் மறுபடி கட்டுவார். இதுக்கு மூணு விஷயம் வேணும். தகவல் வரும்னு காத்திருக்காம, சில நிமிஷம் கழிச்சு உங்க சர்வரே கேட்வேகிட்ட நிலவரம் கேக்கணும். அதே பில்லுக்கு முடிவு தெரியாத கட்டணம் ஒண்ணு இருந்தா, ரெண்டாவது தடவை கட்டும்போது திரையில எச்சரிக்கை வரணும். விதியில "முடிவு தெரியாத கட்டணம்"னு தனித் தலைப்பு வெச்சு, எத்தனை மணி நேரம் பொறுக்கணும், ரெண்டு தடவை கட்டியிருந்தா அடுத்த பில்லுல கழிக்கிறதா, திருப்பித் தர்றதான்னு எழுதணும். எதுன்னு முடிவு பண்றவர் நுகர்வோரா இருக்கட்டும்.

இணைப்பு எண்ணில் ஒரு இலக்கம் தப்பாப் போட்டு யாரோ ஒருத்தர் பில்லைக் கட்டுறதும் நடக்கும். "சரியான எண்ணைத் தருவது உங்கள் பொறுப்பு"ன்னு எழுதறதைவிட, எண்ணோட கடைசியில ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்க்கிறது பலன் தரும். அந்த இலக்கத்தைக் கணக்கிடுற லூன் முறை ஒற்றை இலக்கத் தவறு எல்லாத்தையும் பிடிச்சிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினா 09, 90 ஜோடியைத் தவிர மத்ததையும் பிடிக்கும்.

இனி "தவறான தகவல்". ரீடிங்கை நுகர்வோரே பதியுற இடத்துல இந்த வரி ரொம்ப அநியாயம். பல தண்ணி மீட்டர்ல கறுப்பு இலக்கம் கன மீட்டர், சிவப்பு இலக்கம் அதோட பின்னம். கறுப்புல 00347, சிவப்புல 216 இருந்தா பதிய வேண்டியது 347. நிறையப் பேர் எல்லாத்தையும் சேர்த்து 347216-ன்னு அடிப்பாங்க, பில் மலை மாதிரி வந்து நிக்கும். அது மோசடி இல்லை. உங்க படிவத்துல கறுப்பு, சிவப்பு படம் இல்லைங்கிற குறை. போன ரீடிங்கைவிடக் குறைவா இருந்தாலோ, வழக்கமான அளவைவிடப் பல மடங்கு இருந்தாலோ, பதிவை ஏத்துக்காம மீட்டர் போட்டோ கேளுங்க. போட்டோவுல இடம் காட்டும் தகவல் ஒளிஞ்சிருக்கலாம். வாங்கின உடனே சர்வர்ல நீக்கிடுங்க. விதியில "தெரிந்தே பொய்யான ரீடிங் தருவது"ன்னு மட்டும் தடுத்தாப் போதும். தப்பாப் பதிஞ்சதைத் திருத்த எத்தனை நாள்னும் சேருங்க.

தளக்காவல் எழுதியது:

முதல் வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் பாஸ்வேர்டு மேனேஜரும் தானியங்கிக் கருவிதான், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அப்படித்தான். கருவியைத் தடை செய்யாதீர்கள். அதனால் வரும் தீங்கைத் தடை செய்யுங்கள். "பிறருடைய கணக்கு விவரங்களைத் திரட்டுவது, சர்வருக்கு அளவுக்கு மீறிய சுமை தருவது, கட்டுப்பாட்டை ஏமாற்றி உள்ளே நுழைவது" என்று மூன்றையும் பெயர் சொல்லி எழுதினால் போதும். அளவு என்ன என்பதை உதவிப் பக்கத்தில் எண்ணாகவே போடுங்கள், சர்வரும் அதே எண்ணைக் கடைப்பிடிக்கட்டும். மீறினால் 'கோரிக்கைகள் மிக அதிகம்' என்று பொருள்படும் 429 என்ற பதிலும், எத்தனை வினாடி கழித்து வரலாம் என்ற தலைப்பு வரியும் (ஹெட்டர்) போக வேண்டும், இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 6585-இல் 2012 முதலே இதற்கு முறை இருக்கிறது. தானியங்கி நிரல்கள் எந்தப் பக்கத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். அதன் தர நிர்ணயமான ஆர்.எஃப்.சி. 9309-ஏ இது அணுகல் அனுமதி முறை அல்ல என்று சொல்லிவிடுகிறது.

எதை வைத்து எண்ணுகிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலான தளங்கள் சறுக்குகின்றன. ஐபி முகவரியை வைத்து எண்ணாதீர்கள். மொபைல் நிறுவனங்கள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. மின்தடை வந்த இரவை நினைத்துப் பாருங்கள்: வீட்டு வைஃபை செத்துப்போய், அந்தப் பகுதி முழுக்க மொபைல் டேட்டாவில் மின்தடை வரைபடத்தைத் திறக்கிறது. உங்கள் சர்வருக்கு ஒரு சில முகவரிகளிலிருந்து வெள்ளமாகக் கோரிக்கை வருவதுபோல் தெரியும், தாக்குதல் என்று எண்ணித் தடுத்துவிடும். தடுக்கப்படுகிறவர்கள் அத்தனை பேரும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள். லாகின் செய்தவரைக் கணக்கு வாரியாக எண்ணுங்கள். மின்தடை வரைபடத்தைச் சில நிமிடத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படும் தனிக் கோப்பாக்கி, லாகினுக்கு வெளியே, வேறு சர்வரில் வைத்துவிடுங்கள்.

அந்தப் பக்கத்தின் உச்சியில், அறுந்து கிடக்கும் கம்பி, எரிவாயு வாசனை, தீ ஆகியவற்றுக்கு இந்தப் படிவம் அல்ல, இந்தத் தொலைபேசி எண் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். நிபந்தனைகளின் பதினான்காவது பத்தியில் அதை எழுதி ஒரு பயனும் இல்லை.

"பிறர் விவரங்களைத் திரட்டக் கூடாது" என்று எழுதிவிட்டு, இணைப்பு எண்ணைத் தட்டினாலே முழுப் பெயரும் முகவரியும் காட்டும் பக்கத்தை வைத்திருக்காதீர்கள். எண்கள் வரிசையாக இருந்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஊர் முழுவதையும் அள்ளிவிடும். பெயரில் முதலும் கடைசியுமாக ஓரிரு எழுத்து, தொகை, கெடு தேதி, இவ்வளவு காட்டினால் கட்ட வந்தவருக்குப் போதும். பில் பிடிஎஃப் லிங்கில் எண்ணை மாற்றினால் அடுத்தவர் பில் திறக்கிறதா என்று இன்றே பாருங்கள். திறந்தால், விதியை எழுதும் முன் அதை மூடுங்கள்.

ஐந்தாவது வரி நல்லவர்களை மட்டும் விரட்டும். ஓட்டையைக் கண்டவர் சொல்லப் பயந்து போய்விடுவார். கெட்டவர் உங்கள் விதியைப் படிக்கப் போவதில்லை. ஓட்டையைக் கண்டவர் யாரிடம் சொல்வது என்று காட்டும் செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி கோப்பு ஒன்றைத் தளத்தில் வையுங்கள். ஆர்.எஃப்.சி. 9116 (2022) படி அதில் கட்டாயமானவை இரண்டே: தொடர்பு வழி, காலாவதித் தேதி. தேதி தாண்டிய கோப்பு நம்பகத்தை இழந்துவிடும், ஆகவே புதுப்பிப்பதை யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள். விதியில்: "நல்லெண்ணத்தோடு குறையைக் கண்டு, பிறர் தரவைத் திறக்காமல், சேவையைக் குலைக்காமல், எங்களிடம் தெரிவிப்பவர்மீது நடவடிக்கை எடுக்க மாட்டோம்." மீட்டர், கட்டுப்பாட்டு அறைக் கருவிகள், மின்விநியோகச் சாதனங்கள் இதில் அடங்கா என்பதைத் தனி வரியாகச் சேருங்கள், அங்கே ஒரு சோதனை தவறினால் ஆள் உயிர் போகும்.

திரைவாசிப்பு எழுதியது:

தளக்காவல் சொன்னதோடு ஒன்று. கட்டுப்பாடு என்றதும் எழுத்து வளைந்த கேப்சாவைப் போட்டுவிடுவார்கள். அது ஸ்கிரீன் ரீடருக்குப் படிக்கக் கிடைக்காது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, நினைவாற்றலையோ பார்த்து எழுதுவதையோ மட்டுமே நம்பி லாகின் வைக்கக் கூடாது என்கிறது. ஆகவே பாஸ்வேர்டு கட்டத்தில் பேஸ்ட்டைத் தடுப்பதும் தவறு. பணம் கட்டும் பக்கம் நேரம் முடிந்து வெளியேறும் முன் எச்சரித்து, ஒரே பட்டனில் நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடியாவது தர வேண்டும். விதிகளையும் ஸ்கேன் செய்த படமாகப் போடாமல் சாதாரணப் பக்கமாகவே போடுங்கள்.

வரைவுமேசை கேட்டது:

அனைவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு: பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது என்று எழுதினால், பல இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் குடியிருப்புச் சங்கத்தார் என்ன செய்வார்கள்? வாடகைக்கு இருந்தவர் காலி செய்தால் அரை மணிப் பயன்பாட்டு விவரம் யாருக்குப் போகும்?

சட்டவரி எழுதியது:

பகிர வேறு வழி கொடுக்காமல் பகிராதே என்றால் எல்லாரும் பகிர்வார்கள். கணக்குக்குரியவர் இன்னொருவரைச் சேர்க்கும் வசதி வேண்டும்: "பார்க்க மட்டும்", "பார்க்க, கட்ட", "எல்லாம்" என்று மூன்று படி, முடிவுத் தேதியோடு. வெளி மென்பொருளுக்கு என்றால், பாஸ்வேர்டு கொடுக்காமலே அனுமதி தரும் ஓஆத் 2.0 என்ற முறை வழியாக. யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் கணக்குக்குரியவர் கண்ணில் எப்போதும் படட்டும், ஒரே தட்டில் நீக்கவும் முடியட்டும்.

அரை மணி விவரத்தைப் பில்லோடு ஒன்றாக வைக்காதீர்கள். எப்போது எழுந்தார்கள், எப்போது வீட்டில் ஆள் இல்லை என்பதை அது காட்டிக் கொடுக்கும். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் அந்த விவரம் குடியிருப்பவருடையது; வீட்டுக்காரருக்கு மாத மொத்தம் போதும். குடிமாறும் தேதியைப் பதிந்ததும் பழையவரின் அனுமதி அன்றே முடிய வேண்டும், புதியவருக்குத் தெரிவது அன்றிலிருந்துதான். பழையவர் தம் காலத்து விவரத்தைத் தரவிறக்கிக்கொள்ள முப்பது நாள் மாதிரி ஒரு காலம் கொடுங்கள். கணவன் மனைவி பிரியும்போதும் இதே தேவை வரும், அங்கே அவசரமும் அதிகம்: மொபைல் எண்ணை மாற்றும்போது பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பித்தான் மாற்றணும் என்று மட்டும் வைத்தால், அந்த எண்ணை வைத்திருப்பவர் கையில் கணக்கு சிக்கிவிடும். அலுவலகத்தில் நேரில் அடையாளம் காட்டி மாற்றும் வழியையும் விதியில் எழுதுங்கள்.