‘காசநோய் 48 சதவீதம் குறையும்’ என்று அச்சடித்துவிட்டேன், இந்த வரியை எப்படித் திருத்துவது?

ஒற்றைத்தாள் (கேள்வி)

வணக்கம். போளூர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை உடல்நலம் பற்றிய புதிய ஆய்வு ஒன்றை ஒரே தாளில் எழுதி 120 பிரதி எடுத்து, பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் நூலகத்திலும் வைத்துவிடுவேன். ஆறு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நான் படித்தது பிளஸ் டூ வரைதான். ஆங்கிலத்தில் இருப்பதைக் கல்லூரி போகும் என் மகள் வரி வரியாகச் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொள்வேன்.

சென்ற மாதத் தாளில் ஜார்க்கண்டில் நடந்த காசநோய் ஆய்வைப் பற்றி எழுதினேன். ‘ரேஷன்ஸ்’ என்று அதற்குப் பெயர். 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நான் வைத்த தலைப்பு இது: “சத்தான உணவு கொடுத்தால் வீட்டில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 48 சதவீதம் குறையும்.” செய்தித்தாளில் அப்படித்தான் இருந்தது. எண்ணை நான் மாற்றவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய மகன் காசநோய்க்கு இரண்டாவது மாதமாக மருந்து சாப்பிடுகிறான். போன வாரம் கடைக்கு வந்து, பால் சொசைட்டிப் பாஸ்புத்தகத்துக்குள்ளிருந்து என் தாளை எடுத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பு வழியே கிழியத் தொடங்கியிருந்தது. 48 என்ற எண்ணின் அடியில் நீலப் பேனாவில் இரண்டு கோடு. “அவனைத் தவிர நாங்கள் நான்கு பேர். பாதிக்குப் பாதி என்று போட்டிருக்கிறாயே, எங்களில் எந்த இரண்டு பேருக்கு வராது?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. இரண்டு பேரக் குழந்தைகளை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

அதோடு முடியவில்லை. ‘சத்தான உணவு’ என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, மருந்துக் கடையில் 680 ரூபாய்க்குச் சத்துப் பவுடர் டின் ஒன்று வாங்கியிருக்கிறார். பத்து நாள் பால் பணம் அதில் போய்விட்டது.

நான் எழுதியதில் எது தவறு? அந்த எண்ணா, ‘சத்து’ என்ற சொல்லா? அடுத்த தாளில் திருத்தம் போட வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஆயிரத்தில்ஒருவன்

வணக்கம் அக்கா. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். உங்கள் எண் பொய் இல்லை. ஆனால் எதில் 48 சதவீதம் என்பது அந்த வரியில் இல்லை. அதனால்தான் அந்த அம்மா நான்கு பேரில் 48 சதவீதம் என்று கணக்குப் போட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் போடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். காசநோய்க்கு மருந்து சாப்பிடும் 2,800 பேரின் வீடுகள். அந்த வீடுகளில் உடன் வசித்தவர்கள் 10,345 பேர். எந்தப் பகுதி எந்தக் குழுவில் சேரும் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நோயாளிகளுக்கு இரண்டு குழுவிலும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. யாரையும் பட்டினி போட்டுச் சோதிக்கவில்லை, இதை உங்கள் தாளில் அவசியம் எழுதுங்கள். வேறுபாடு உடன் இருந்தவர்களுக்குத்தான். ஒரு குழுவில் அவர்களுக்கும் உணவு கிடைத்தது, மற்றதில் கிடைக்கவில்லை.

பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டு கவனித்தார்கள். உணவு கிடைக்காத குழுவில் 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு கிடைத்த குழுவில் 5,621 பேரில் 96 பேருக்கு வந்தது. ஆயிரம் பேருக்கு என்று மாற்றினால் முன்னதில் 26 பேர், பின்னதில் 17 பேர். இந்த இரண்டு எண்ணும் போதும் அக்கா. பால் சொசைட்டி வரிசையில் நிற்கும் யாருக்கும் இது புரியும்.

இதிலேயே அந்த அம்மாவுக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. உடன் இருந்தவர்களுக்கு உணவு கொடுக்காத வீடுகளில்கூட ஆயிரத்தில் 974 பேருக்கு அந்தக் காலத்தில் நோய் வரவில்லை. 48 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. பாதிப் பேருக்கு வந்தே தீரும், மீதிப் பாதியைத்தான் காப்பாற்றலாம் என்ற பயத்தையே அது கொடுக்கும்.

உங்கள் மகள் கணக்குப் போட்டுப் பார்த்தால், 26 என்பது 17 ஆனால் ஏறத்தாழ 35 சதவீதம்தானே குறைகிறது என்று கேட்பாள். சரியான கேள்வி. ஒவ்வொருவரும் எத்தனை நாள் கண்காணிப்பில் இருந்தார், இரண்டு குழுவினருக்கும் தொடக்கத்திலேயே இருந்த வேறுபாடுகள் என்ன என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஆய்வாளர்களுக்கு 39 சதவீதம் கிடைத்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48. செய்தித்தாள்கள் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டன.

‘எந்த இரண்டு பேர்’ என்ற கேள்விக்கும் ஆய்விலேயே பதில் இருக்கிறது. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 30 வீடுகளுக்கு, அதாவது 111 பேருக்கு, உணவு கொடுக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். அந்த ஒருவர் எந்த வீட்டில் இருப்பார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 30 வீட்டுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை அப்படியே அந்த அம்மாவிடம் சொல்லலாம். அவருக்குப் புரியும்.

சளிக்குப்பி

தங்கச்சி, முப்பது வருடத்துக்கு மேல் காசநோய்க் களப்பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணைப் பற்றித் தம்பி சொல்லிவிட்டார். நான் ‘சத்து’ பற்றிச் சொல்கிறேன்.

அந்த ஆய்வில் டின் எதுவும் இல்லை. உடன் இருந்த பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. சிறு குழந்தைகளுக்கு அதில் பாதி அரிசி, பருப்பு. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் கூடுதலாகக் கிடைக்கும் கணக்கு. அவ்வளவுதான். அரிசியும் பருப்பும் என்று நீங்கள் எழுதியிருந்தால் அந்த அம்மா மருந்துக் கடைக்குப் போயிருக்க மாட்டார், மளிகைக் கடைக்குத்தான் போயிருப்பார். நம் ஊரில் ‘சத்து’ என்ற சொல்லை டின் விற்பவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆய்வில் கிலோ இருந்தால் தாளிலும் கிலோவையே எழுதுங்கள்.

இன்னொன்று, ஆய்வில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவர் ஏற்கெனவே உடல் எடை குறைந்து நலிந்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா போன்ற பழங்குடி மக்கள். நோய்க்கிருமி பலரின் உடம்பில் வெளியே தெரியாமல் அடங்கிக் கிடக்கும். வயிறு காய்ந்து உடம்பு நலியும்போது அது தலைதூக்கும். சோற்றுக்கே வழியில்லாத வீட்டில் சோறு செய்த வேலை அது. மூன்று வேளையும் நிறையச் சாப்பிடும் வீட்டில் கூடுதலாகப் பருப்பு போட்டால் இதே பலன் கிடைக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை.

சுருக்கி எழுதும்போது என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சென்னையிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டில் இரண்டும் குறைவு. ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு பெரிய காரணம். எத்தனையோ பேர் குடும்பத்தைப் பிரியாமல் குணமடைய வழி செய்த ஆய்வு அது, எனக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் அது வாய் வழியாக எங்களிடம் வந்தபோது, “டி.பி.க்குச் சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரைதான் முக்கியம்” என்று ஆகிவிட்டது. நானே பல வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆய்வு கேட்ட கேள்வி, முறையாக மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தபடியே குணமாவாரா என்பது. பசித்த வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருமா என்பதற்கு அது பதில் சொல்ல வரவில்லை. நாங்கள்தான் அந்தப் பதிலையும் அதன் தலையில் ஏற்றினோம். எலும்பும் தோலுமாக இருந்தவர்களிடம் நான் அப்படிச் சொன்னது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆகவே ஆய்வு என்ன கண்டது என்பதற்கு முன்னால், அது என்ன கேட்டது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அந்த அம்மா வீட்டில் நான்கு பேருக்கும் பரிசோதனை நடந்ததா? அதைக் கேளுங்கள் முதலில். ஜார்க்கண்டில் தொடக்கக் கணக்கெடுப்பிலேயே 31 பேருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. நோய் இல்லை என்று உறுதியானால், வராமல் தடுப்பதற்கு மாத்திரை இருக்கிறது. குழந்தைகளுக்கு அது மிகவும் அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஆறுமாதம்

நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் மருந்து முடித்தவன். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு நோய் என்று தெரிந்த அன்றே என் அம்மா எனக்கென்று தனியாக ஒரு தட்டும் டம்ளரும் எடுத்து வைத்தார். தட்டின் அடியில் அடையாளத்துக்கு ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தார். தட்டு, டம்ளர் வழியாக இந்த நோய் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும், மருந்து ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே அதுவும் பெருமளவு குறைந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘வீட்டில் மற்றவர்களுக்கு வரும்’ என்று மட்டும் எங்கோ படித்திருந்தார்.

உங்கள் தாளை அந்த அக்காவின் மகனும் படிப்பான். என்னால்தான் எல்லோருக்கும் ஆபத்து என்று அவன் நினைக்காதபடி எழுதுங்கள்.

ஒற்றைத்தாள்

எல்லோருக்கும் நன்றி. தம்பி, ஆணிக் கீறலைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. பெரியவர் சொன்னபடி அக்காவிடம் பேசினேன். அவர் வீட்டில் வயதுவந்தவர்கள் இருவருக்கும் சளிப் பரிசோதனை ஆகியிருக்கிறது, இருவருக்கும் நோய் இல்லை. குழந்தைகளை அழைத்து வரச் சொல்லியிருந்தும் இன்னும் போகவில்லையாம். திங்கட்கிழமை அவர்களுடன் நானும் போகிறேன்.

புதிய தாளின் முன்பக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

“போன மாதத் தாளில் ஒரு வரியைத் தெளிவில்லாமல் எழுதிவிட்டேன். திருத்திக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், மற்றவர்களுக்குப் போதுமான உணவு கொடுப்பது அவர்களுக்கு நோய் வருவதைத் தடுக்குமா? இதுதான் ஜார்க்கண்டில் கேட்ட கேள்வி. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஏறத்தாழப் பாதி வீடுகளில் உடன் இருந்தவர்களுக்கும், பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும், சிறு குழந்தைகளுக்கு அதில் பாதியும், கூடவே வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள். டின் பவுடர் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டில், உணவு கிடைக்காதவர்களில் ஆயிரத்துக்கு 26 பேருக்கு நோய் வரும். உணவு கிடைத்தால் 17 பேருக்கு வரும். மருந்து சாப்பிடும் பிள்ளைக்குத் தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.”

எழுதி முடித்த பிறகு ஒன்று தோன்றியது. ரேஷனில் மாதம் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கிடைக்கிறது. ஆனால் ஒரு கார்டுக்கே ஒரு கிலோதான். அந்த ஆய்வின் கணக்குப்படி அக்கா வீட்டில் உடன் இருக்கும் பெரியவர்கள் இருவருக்கு மட்டுமே மாதம் மூன்று கிலோ வேண்டும். அந்த 680 ரூபாய்க்குப் பருப்பு வாங்கியிருந்தால் பல கிலோ வந்திருக்கும். நோயாளியின் வங்கிக் கணக்கில் அரசு போடும் பணம் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அது அக்காவின் மகனுக்கு வருகிறதா என்றும் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன். பின்பக்கத்தில் இந்தப் பருப்புக் கணக்கைப் போடுகிறேன்.

மெய்ப்பு

பிழை திருத்துவது என் தொழில், அதனால் ஒரு சொல். “26 பேருக்கு நோய் வரும், 17 பேருக்கு வரும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் “வந்தது” என்று மாற்றுங்கள். ‘வரும்’ என்றால் போளூரில் இனி நடக்கப்போவதை நீங்கள் உறுதி சொல்வதாக ஆகும். ‘வந்தது’ என்றால் அங்கே அவர்கள் கண்டதைச் சொல்கிறீர்கள். பழைய தலைப்பில் ‘குறையும்’ என்று இருந்ததும் இதே கோளாறுதான். ‘குறைந்தது’ என்று இருந்திருந்தால் அந்த அம்மா “எங்கே, யாருக்கு?” என்று கேட்டிருப்பார்.

ஒற்றைத்தாள்

மாற்றிவிட்டேன். இரண்டும் ‘வந்தது’. நாளைக் காலை ஐந்தரைக்கு அக்கா பால் ஊற்ற வருவார். பிரதி எடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுகிறேன். அவர் எந்த வரியில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ, அதைத் திருத்திவிட்டுத்தான் 120 பிரதியும் எடுப்பேன்.