பணம் போய்விட்டது, பிஎன்ஆர் காட்டவில்லை: தள்ளுபடி தளத்தில் எடுத்த டிக்கெட்

கீழக்கரைப் பையன்:
அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தாவுக்குப் பிரசவம் என்று வாப்பாவையும் உம்மாவையும் கோலாலம்பூர் அனுப்புகிறோம். இங்கே டிக்கெட் கடையில் சொன்ன விலையை விட இருவருக்கும் சேர்த்து ஏழாயிரம் குறைவு என்று மச்சான் நேற்று ராத்திரி ஒரு தள்ளுபடி தளத்தில் போட்டுவிட்டார். மதுரை – கொழும்பு – கோலாலம்பூர். கார்டில் பணம் போய்விட்டது. மெயிலில் வந்த எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்கிறது. போன் அடித்தால் பாட்டுதான் ஓடுகிறது. ஏமாந்துவிட்டோமா?

தொண்டி டிக்கெட்காரர்:
வஅலைக்கும் ஸலாம். பதறாதீங்க தம்பி. அந்த எண் எத்தனை இலக்கம்? நீளமாக இருந்தால் அது அந்தத் தளத்தின் சொந்தக் குறிப்பு எண். பிஎன்ஆர் என்பது விமான நிறுவனம் தரும் புக்கிங் எண்; ஆறு எழுத்து, எண் கலந்தும் வரும். மெயிலைக் கீழே வரை இழுத்துப் பாருங்க.

கீழக்கரைப் பையன்:
இருக்கிறது காக்கா! ஆனால் இரண்டு இருக்கிறது. மதுரை – கொழும்புக்கு ஒன்று, அங்கிருந்து கோலாலம்பூருக்கு வேறு நிறுவனத்தில் ஒன்று. இரண்டும் அந்தந்தத் தளத்தில் காட்டுகிறது. அல்ஹம்துலில்லாஹ். கொழும்பில் இடைவெளி 2 மணி 40 நிமிடம்.

தொண்டி டிக்கெட்காரர்:
டிக்கெட் நிஜம்தான். ஆனால் உங்கள் ஏழாயிரம் எங்கே மிச்சமானது என்று இப்போது தெரிகிறது. இது ஒரே பயணம் இல்லை, தனித்தனி டிக்கெட் இரண்டை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மதுரையில் பெட்டிக்குக் கொழும்பு வரைதான் டேக் போடுவார்கள். அங்கே இமிக்ரேஷன் தாண்டி, பெட்டி எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அப்படி வெளியே வர இலங்கை இடிஏ, அதாவது ஆன்லைனில் எடுக்கிற நுழைவு அனுமதி, வேண்டும். கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அப்போது கையில் இருப்பது 1 மணி 40 நிமிடம். மதுரை விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் கேட்கவே கேட்காது, புது டிக்கெட்தான். வயதானவர்களைத் தனியாக இதில் ஏற்ற எனக்கு மனசு வராது.

மண்டபம் செல்வி:
இன்னொன்றையும் பாருங்க தம்பி. அந்த இரண்டு புக்கிங்கிலும் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? சில தளங்கள் தங்கள் மெயிலையே போட்டுவிடும். என் அண்ணன் மகன் ஷார்ஜா போகும்போது விமான நேரத்தை முன்னால் நகர்த்தினார்கள். தகவல் தளத்துக்குப் போனது, எங்களுக்கு வரவில்லை. திருச்சிக்குப் போய் நின்றால் கவுன்ட்டரில் ஆளே இல்லை. உங்கள் நம்பரை இன்றைக்கே சேர்த்துவிடுங்க.

பாம்பன் ராஜ்:
நான் தள்ளுபடி தளத்தில் விலை மட்டும் பார்ப்பேன், வாங்குவது விமான நிறுவனத்திடமே. அந்தத் தளங்களில் முதலில் காட்டுகிற விலையில் பெரும்பாலும் பெட்டி சேராது. பெட்டி, சீட், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் கூட்டினால் வித்தியாசம் முந்நூறோ நானூறோதான் நிற்கும்.

கீழக்கரைப் பையன்:
இடிஏ பற்றி மச்சானுக்கே தெரியவில்லை. திருச்சியிலிருந்து நேராகப் போகிற விமானத்தில் எடு, கொழும்பில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட என்னால் முடியாது என்கிறார் வாப்பா. இதைக் கேன்சல் செய்தால் என்ன வரும்?

தொண்டி டிக்கெட்காரர்:
வாப்பா சொல்வதுதான் சரி. கேன்சலைத் தளத்தின் வழியாகத்தான் போட வேண்டும், விமான நிறுவனத்திடம் போனால் எடுத்த இடத்துக்கே போகச் சொல்வார்கள். இரண்டு பிஎன்ஆரையும் தனித்தனியாகக் கேன்சல் செய்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. சர்வீஸ் சார்ஜ் போனதுதான். அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும் ஏர்போர்ட் வரிகள் திரும்ப வேண்டும், இந்திய நிறுவனங்களுக்கு விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதியே உண்டு. இழுத்தடித்தால் 1915-க்கு அடித்து நுகர்வோர் புகார் கொடுங்க. கிரெடிட் கார்டு என்றால் பேங்கிலும் டிஸ்ப்யூட் போடலாம், அதாவது அந்தக் கட்டணத்தை மறுத்துப் புகார் கொடுக்கலாம்.

பணம் அதே கார்டுக்குத்தான் வரும். அதுவரை மச்சான் அந்தக் கார்டை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்க.