ஹாஸ்கெலில் நாட்ஸ் லைப்ரரி: த்ரெட்களைப் பிரிப்பது எப்படி, எப்போது வெளியிடலாம்?

கேள்வி

வணக்கம். நாட்ஸ் செய்திச் சர்வருடன் பேசும் சிறிய லைப்ரரி ஒன்றை ஹாஸ்கெல் நிரலாக்க மொழியில் எழுதித் திறமூலமாக வெளியிட விரும்புகிறேன். ஹாஸ்கெல் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான ஹாக்கேஜில் இதற்கானவை முன்பே உள்ளன. அவற்றைப் படித்துப் பார்த்தேன். எனினும், த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) பகிரும் தரவைப் பூட்டுகளின்றிப் பரிவர்த்தனைகளாக மாற்ற உதவும் எஸ்டிஎம்மை அடித்தளமாகக் கொண்டு, அறுந்த இணைப்பைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒன்று என் வேலைக்குத் தேவைப்படுகிறது.

நாட்ஸின் நெறிமுறை எளியது. 4222ஆம் போர்ட்டில் இணைந்தவுடன் சர்வர் இன்ஃபோ வரியை அனுப்புகிறது. நாம் கனெக்ட் வரியை அனுப்பிய பிறகு பப் (செய்தி அனுப்ப), சப் (ஒரு தலைப்புக்குச் சந்தா சேர), மெசேஜ் (சந்தாவுக்கு வரும் செய்தி), பிங், பாங் (இணைப்பு உயிருடன் உள்ளதா என்ற கேள்வியும் பதிலும்) என்று எண்ணிவிடக்கூடிய சில கட்டளைகளே இருக்கின்றன. அட்டோபார்செக் லைப்ரரியைக் கொண்டு, வரும் பைட்டுகளைக் கட்டளைகளாகப் பிரிக்கும் பார்சரை இரண்டே மாலைகளில் முடித்துவிட்டேன். ஆனால் அதன் பிறகு இரண்டு இடங்களில் நின்றுபோய்விட்டேன்.

முதலாவது, ஆங்கிலச் செய்திகள் சரியாகப் போகின்றன. ‘வணக்கம்’ என்று அனுப்பினால் சர்வர் பிழை கூறி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. இரண்டாவது, ஒரு சந்தாவுக்கு வரும் செய்தியைக் கையாளும் ஃபங்ஷனுக்குள்ளிருந்து வேறொரு சேவைக்குக் கோரிக்கை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தால், அந்தப் பதில் வருவதே இல்லை. சாக்கெட்டை (சர்வருடனான இணைப்பு முனையை) படிக்கும் த்ரெட்டிலேயே அந்த ஃபங்ஷனையும் இயக்குகிறேன். இந்த அமைப்பே தவறா? இவற்றைச் சரிசெய்துவிட்டால் ஹாக்கேஜில் ஏற்றிவிடலாமா?

முதல் மறுமொழி

வணக்கம். உங்கள் முதல் சிக்கல் நீளத்தைப் பற்றியது. பப் கட்டளையில் எழுத வேண்டியது செய்தியின் பைட் எண்ணிக்கை. ‘வணக்கம்’ என்ற சொல்லை டெக்ஸ்ட் வகையில் அளந்தால், புள்ளிகளும் தனிக் குறிகளாக எண்ணப்பட்டு, 7 என்று வரும். யூடிஎஃப்-8இல் அதே சொல் 21 பைட்டுகள் ஆகும். 7 என்று அறிவித்துவிட்டு 21 பைட்டுகளை அனுப்பினால், ஏழாம் பைட்டுக்குப் பிறகு வரி முடிவை எதிர்பார்க்கும் சர்வர் குழம்பத்தான் செய்யும். லைப்ரரியின் வெளிமுகத்தில், பைட்டுகளின் தொடரான பைட்ஸ்ட்ரிங் வகையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் பொறுப்பு பயன்படுத்துபவருக்கே இருக்கட்டும்.

இரண்டாவது சிக்கலுக்கு நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். பதிலும் அதே சாக்கெட்டின் வழியாகத்தான் வர வேண்டும். அதைப் படிக்க வேண்டிய த்ரெட்டோ அந்தப் பதிலுக்காகவே காத்து நிற்கிறது. கோரிக்கை அனுப்பாவிட்டாலும் இந்த அமைப்பு ஆபத்தானதுதான். இயல்பான அமைவில் சர்வர் 2 நிமிடங்களுக்கு ஒருமுறை பிங் அனுப்பும். உங்கள் ஃபங்ஷன் நீண்ட நேரம் ஓடிக்கொண்டிருந்தால் பாங் சொல்ல ஆளில்லாமல் போய், உயிரற்ற இணைப்பு என்று கருதிச் சர்வர் அதை மூடிவிடும்.

ஆகவே, படிக்கும் த்ரெட் எதற்காகவும் நிற்கக் கூடாது என்ற ஒரே விதியிலிருந்து தொடங்குங்கள். அது பைட்டுகளைப் படித்து, பார்சரிடம் கொடுத்து, வந்த செய்தியை உரிய சந்தாவின் வரிசையில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எழுதுவதற்கு ஒரு தனி த்ரெட்டும், ஒவ்வொரு சந்தாவுக்கும் ஒரு த்ரெட்டும் இருக்கட்டும். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சியின் த்ரெட்கள் மிக இலேசானவை என்பதால் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. இவற்றை அசிங்க் பேக்கேஜின் மூலம் ஒன்றோடொன்று பிணைத்தால், ஒன்று விழும்போது மற்றவையும் ஒழுங்காக நிறுத்தப்படும்.

சந்தாக்களின் பட்டியலை ஒரு டிவாரில் (எஸ்டிஎம்மின் பகிர்வு மாறியில்) வைத்துக்கொண்டால், இணைப்பு அறுந்து மீண்டபின் அதே எண்களுடன் சப் கட்டளைகளை மறுபடி அனுப்பிவிடலாம். எஸ்டிஎம் பரிவர்த்தனைக்குள்ளிருந்து சாக்கெட்டில் எழுத முயன்றால் கம்பைலரே மறுத்துவிடும். இதே வேலையைப் பூட்டுகளை வைத்து வேறு மொழிகளில் செய்து பல இரவுகளை இழந்தவன் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே ஹாஸ்கெலைத் தேர்ந்தெடுப்பது தகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அந்த வரிசைக்கு வரம்பு இருக்க வேண்டும். நான் எர்லாங் மொழியிலிருந்து வந்தவன். அங்கே ஒவ்வொரு பிராசஸின் அஞ்சல்பெட்டிக்கும் வரம்பு கிடையாது. செய்திகளைக் கையாளும் வேகத்தைவிட அவை வரும் வேகம் கூடிவிட்டால் நினைவகம் நிரம்பிக்கொண்டே போகும். எனவே வரம்பில்லாத டிகியூ வேண்டாம், வரம்புள்ள டிபிகியூவைப் பயன்படுத்துங்கள்.

அந்த வரிசை நிரம்பினால் என்ன செய்வது என்பதுதான் இந்த லைப்ரரியின் மிக முக்கியமான முடிவு. படிக்கும் த்ரெட் காத்திருந்தால், மேலே சொன்ன விதி முறிகிறது. ஒரு மெதுவான சந்தாவால் மற்ற எல்லாச் சந்தாக்களும் நின்றுபோகும். அடிப்படை நாட்ஸ் ஒரு செய்தியை அதிகபட்சம் ஒருமுறை சேர்ப்பதாகவே வாக்களிக்கிறது. ஆகவே அந்தச் சந்தாவுக்குரிய செய்தியைக் கைவிட்டு, கைவிட்ட எண்ணிக்கையைப் பயன்படுத்துபவருக்குத் தெரிவிப்பதே நேர்மையானது என்று கருதுகிறேன்; கோ மொழிக்கான கிளையன்டும் இந்த வழியில்தான் செல்கிறது. வரிசை நிரம்பியதா என்று பார்ப்பதையும் செய்தியைச் சேர்ப்பதையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பெரிய பஃபரிலிருந்து வெட்டியெடுத்த சிறு பைட்ஸ்ட்ரிங் அந்தப் பஃபர் முழுவதையும் நினைவகத்தில் பிடித்துவைத்திருக்கும். நீண்ட காலம் வைத்திருக்கப்போகும் தலைப்புகளை மட்டுமாவது நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நீளத்தைத் திருத்தியவுடன் தமிழ்ச் செய்தி சென்றுவிட்டது. த்ரெட்களைப் பிரித்தபின் பதிலும் வருகிறது. நிரம்பினால் கைவிடுவது என்ற முடிவு முதலில் மனத்துக்கு ஒப்பவில்லை என்றாலும், வேறு வழி எதுவும் மற்ற சந்தாக்களைக் காப்பாற்றவில்லை என்பதைச் சோதித்து உணர்ந்தேன். வெளியிடுவது பற்றி யாராவது வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

மூன்றாம் மறுமொழி

இப்போதே ஏற்ற வேண்டாம். ஹாக்கேஜில் ஒருமுறை வெளியிட்ட பதிப்பை நீக்க முடியாது. கைவிடப்பட்டது என்று குறிக்கலாம், பேக்கேஜின் விவரங்களைக் கொண்ட கபால் கோப்பிலுள்ள சார்புகளின் வரம்புகளைத் திருத்தலாம், அவ்வளவுதான். அதனால்தான் முன்மொழிவு நிலையில் ஏற்றிப் பார்க்கும் வசதி அங்கே இருக்கிறது. நிரலிலிருந்து உருவாகும் ஹாடாக் ஆவணங்கள் எப்படித் தெரிகின்றன, பேக்கேஜைச் சரிபார்க்கும் கபால் செக் என்ன குறை சொல்கிறது என்பதையெல்லாம் முதலில் அங்கே பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்பு உங்கள் பார்சரைச் சோதியுங்கள். சாக்கெட்டிலிருந்து வரும் பைட்டுகள் எந்த இடத்திலும் துண்டுபடலாம். வரி முடிவின் இரண்டு பைட்டுகளுக்கு நடுவிலும் துண்டுபடலாம். குயிக்செக் சோதனை லைப்ரரியைக் கொண்டு, கட்டளைகளைத் தற்போக்காக உருவாக்கி, பைட்டுகளாக்கி, தற்போக்கான இடங்களில் வெட்டி, பார்சரிடம் துண்டு துண்டாகக் கொடுத்து, அதே கட்டளைகள் திரும்பக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். செய்தியின் உள்ளேயே வரி முடிவு இருக்கும் நேர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பார்சர்களில் பல அங்கேதான் விழுந்தன.

இதை எளிதாக்க, அனுப்புதல், பெறுதல், மூடுதல் என்னும் மூன்று ஃபங்ஷன்களைக் கொண்ட ஒரு ரெக்கார்டாக இணைப்பை அமையுங்கள். சோதனையில் உண்மையான சாக்கெட்டே தேவைப்படாது. டிஎல்எஸ் மறையாக்கத்தைச் சேர்க்கும்போதும் இது உதவும், ஏனெனில் வழக்கமான அமைவில் நாட்ஸ் சர்வர் இன்ஃபோ வரியை மறையாக்கம் இல்லாமல் அனுப்பிய பிறகே இணைப்பு டிஎல்எஸ்ஸுக்கு மாறுகிறது. அந்த ரெக்கார்டை நடுவில் மாற்றிவிட்டால் போதும்.

உரிமத்துக்கு பிஎஸ்டி-3 போதும். ஹாஸ்கெல் உலகில் அது பழகியது. பதிப்பு எண்ணை 0.1.0.0 என்று தொடங்குங்கள். ஹாஸ்கெலின் பதிப்புக் கொள்கைப்படி முதல் இரண்டு எண்களும் சேர்ந்தே பெரும்பதிப்பு; வெளிமுகத்தில் ஒரு வகையை மாற்றினாலே 0.2 ஆக்க வேண்டும். ஆகையால் வெளியே காட்டும் பெயர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். இணை, அனுப்பு, சந்தா, சந்தா நீக்கம், கோரிக்கை, மூடு ஆகிய ஆறும் முதல் பதிப்புக்குப் போதும். செய்திகளைச் சேமித்துவைக்கும் நாட்ஸின் ஜெட்ஸ்ட்ரீம் வசதிக்கான ஆதரவைத் தனிப் பேக்கேஜாகப் பிறகு செய்யலாம். முன்மொழிவை ஏற்றியதும் சுட்டியை இங்கே இடுங்கள். ஆவணங்களைப் படித்துக் குறைகளை எழுதுகிறேன்.